சூடு தெரியாத கால்கள்

ஒருவரைச் சந்தித்தால் முகத்தைப் பார்த்து நலம் விசாரிப்பதுதான் உலக வழக்கம். எனக்கு முதலில் கண் போவது காலுக்கு. கல்யாண வீட்டிலும் இதே கதைதான். எங்கள் மலையில் இருக்கும் பிரிஞ்சாங் ஊர் இரவுச் சந்தையில் ஒரு கடைக்காரர், "என்னா மிஸ்ஸி, ஆளுங்க போட்டிருக்கிற சப்பாத்த எல்லாம் வெல பேசப் போறீங்களா?" என்று கேட்டே விட்டார். தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தாதியை இங்கே எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையை விட்டுவிட்டேன், பெயர் என்னை விடவில்லை.

என் இடத்துக்கு வந்திருக்கும் கவிதா போன வாரம் தொலைபேசியில் அழைத்தாள். "மிஸ்ஸி, மயலோமாவுக்கு மருந்து எடுத்து முடிச்சிட்டு ஈப்போவுலருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. ரிப்போர்ட்டு எல்லாம் நல்லாதான் இருக்கு. நாம என்னாதான் செய்யணும்?"

"முதல்ல ஸ்டாக்கிங்க கழட்டச் சொல்லு" என்றேன்.

அவள் சிரித்தாள். கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பாள். இப்போது கிளினிக்கிலிருந்தே கணினித் திரையில் பெரிய மருத்துவரோடு பேசும் வசதி வந்துவிட்டது. நல்ல வசதிதான், வளைந்து வளைந்து மலை இறங்கி வாந்தி எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திரையில் முகம் தெரியுமே தவிர உள்ளங்கால் தெரியாது. அதனால் கவிதாவுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரித்தேன், பாத்திரம் கழுவினேன், திட்டு வாங்கினேன், கடைசியில் சான்றிதழும் வாங்கினேன். தொழிலை நான் உண்மையில் பார்த்துக் கற்றது எங்கள் கிளினிக்கின் தலைமைத் தாதி சிஸ்டர் தெரேசாவிடம். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட் இருக்கும். எங்களை வறுத்தெடுப்பார், நோயாளியிடம் குரலே உயராது. ஒருவரைக்கூட அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. ஒருமுறை நான் புண்ணுக்குக் கட்டுப் போட்டதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கழண்டு விழாது" என்றார். வீட்டுக்குப் போய் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அவர் காலைச் சோதிக்கும் முறையே தனி. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து, தான் ஒரு குட்டி முக்காலியில் கீழே உட்காருவார். மடியில் ஒரு துவாலை, அதன்மேல் நோயாளியின் கால். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். குதிகாலைப் புறங்கையால் தொட்டுச் சூட்டைப் பார்ப்பார். பிறகு தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய நைலான் இழையை எடுப்பார். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், இழை பட்டால் "ஆங்" என்று சொல்ல வேண்டும். அந்த இழை வளையும் வரைக்கும் மட்டும்தான் அழுத்துவார், அதற்குமேல் ஒரு மயிரிழைகூட அழுத்தமாட்டார். இத்தனையும் முடிந்த பிறகுதான் நோயாளியின் அட்டையைத் திறப்பார். அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. யாரிடமும் எதையும் "வேண்டாம்" என்று சொல்லமாட்டார். "எப்படிச் செய்வீங்க, சொல்லுங்க" என்று கேட்பார். சொல்லிக்கொண்டே வருகிறவர்கள் பாதியில் தாங்களே நிறுத்திவிடுவார்கள்.

இனி செல்வராஜு அண்ணன் கதைக்கு வருகிறேன்.

அவர் தேயிலை ஆலையில் இலை காய வைக்கும் டிரையரில் வேலை பார்த்தவர். முதுகு வலி, முதுகு வலி என்று வருவார். வேலைக் களைப்பு என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, இரத்தச் சோதனை வேறு கதை சொன்னது. எலும்புக்குள்ளே இருக்கும் மஜ்ஜையில் வரும் புற்றுநோய், மயலோமா. ஈப்போவில் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். பிறகு கோலாலம்பூரில் அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துவிட்டு, கடுமையான மருந்து ஏற்றி, அதைத் திருப்பி உடம்புக்குள் விட்டார்கள். அவர் திரும்பி வந்த அன்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் எல்லாம் வாசலில் நின்றார்கள். தலையில் ஒரு முடி இல்லை, பாதி உடம்பும் இல்லை, சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

நோயை மலைக்குக் கீழே உள்ள பெரிய மருத்துவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மருந்து விட்டுப்போன மிச்சத்தை நாங்கள் பார்க்க வேண்டியிருந்தது. இந்த நோயை முற்றாக விரட்டினோம் என்று ஒருவரும் சொல்வதில்லை, அடக்கி வைத்திருக்கிறோம் என்றுதான் சொல்வார்கள். அதற்குத் தினமும் மாத்திரை. அதோடு அக்கி வராமல் தடுக்க ஒன்று, எலும்புக்கு ஊசி, அழிந்துபோன எதிர்ப்புச் சக்திக்காகக் கைக்குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகள் மறுபடியும். பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைகளும் உட்கார்ந்திருக்கும் வரிசையில் அவரும் மீசையோடு உட்கார்ந்திருப்பார். ஊசி போட்டதும் பிள்ளைகளுக்கு முன்னால் அவர்தான் முனகுவார். சிறுநீரகம் கெடாமல் இருக்கத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இந்தக் குளிரில் தேநீர் குடிக்கச் சொன்னால் குடம் குடமாகக் குடிப்பார்கள், தண்ணீர் என்றால் முகம் சுளிப்பார்கள். கடையில் விற்கும் வலி மாத்திரையைத் தொடவே கூடாது. பல் பிடுங்குவதற்கு முன் எங்களிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொடுத்துப் பார்க்காமல் உடனே ஓடிவர வேண்டும். இதையெல்லாம் அவர் மனைவி பார்வதி அக்கா மந்திரம் போல மனப்பாடம் செய்துகொண்டார்.

ஸ்டீராய்டு மாத்திரை போடும் நாட்களில் அண்ணனுக்குப் பேச்சு நிற்காது, கோபமும் நிற்காது. "இன்னிக்கு மாத்திரைதான் பேசுது, அவரு இல்ல" என்று சொல்லிவிட்டுப் பார்வதி அக்கா பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்.

பிறகு முடி முளைத்தது. அதுவரை கோரைப்புல் மாதிரி நேராக இருந்த முடி, சுருள் சுருளாக வந்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள நாங்கள் அவருக்கு ஒரு கைப்பிடிக் கண்ணாடி கொடுத்திருந்தோம். தரையில் வைத்து அதன்மேல் காலைத் தூக்கிப் பிடித்தால் அடிப்பாதம் தெரியும். அவர் அதில் தலையைத்தான் பார்த்தார். சட்டைப் பையில் சீப்பு வேறு. "கட்டிக்கிட்ட காலத்துல இந்த அழகு எங்க போச்சோ" என்பார் பார்வதி அக்கா.

கால் மட்டும் திரும்பி வரவில்லை. புற்றுநோய்க்குப் போட்ட ஊசி மருந்து காலின் நரம்புகளைத் தின்றிருந்தது. சிஸ்டர் நைலான் இழையோடு உட்காருவார், அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். இழை பத்து விரலையும் தொட்டுவிட்டுப் போயிருக்கும். "ஆரம்பிங்க சிஸ்டர்" என்பார் அண்ணன்.

குளிர் அதிகமான ஒரு மாலை, அவர் ஒரு பேசின் பாத்திரத்தில் சுடுதண்ணீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்திருக்கிறார். இந்த மலையில் எல்லோரும் செய்கிற காரியம்தான். மறுநாள் காலுறையைக் கழற்றினால் தோலும் கூடவே வந்தது. பார்வதி அக்கா அலறியபோதுதான் குனிந்து பார்த்தாராம். அந்தப் புண் ஆறுவதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, ஈப்போவில் படுக்க வைத்து, விரலை எடுக்க வேண்டி வருமோ என்று பேச்சு வந்து, எப்படியோ எடுக்காமல் தப்பித்தார். அதிலிருந்து குளிக்கிற தண்ணீரில்கூடப் பார்வதி அக்கா முழங்கையை விட்டுப் பார்த்து, "சரி" என்று சொன்ன பிறகுதான் அண்ணன் தொடுவார்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழா நெருங்கியது. அண்ணன் கிளினிக்குக்கு வந்தார், முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"மிஸ்ஸி, இந்த வருசம் நான் தீ மிதிக்கிறேன். ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவே வேண்டிக்கிட்டேன்."

என் கையில் இருந்த பஞ்சைக் கிண்ணத்தில் வைத்தேன். "அண்ணே, உங்க கால்ல..."

"அதான் மிஸ்ஸி சொல்ல வந்தேன். ஆத்தா எதுக்கு என் காலை மரத்துப்போக வச்சிருக்கா? மத்தவங்களுக்குச் சுடும். எனக்குச் சுடாது. அன்னிக்குச் சுடுதண்ணியில வெந்தப்பகூட வலிக்கவே இல்லையே. இது அவ குடுத்த வரம் லா."

வலிக்கவில்லை என்பதால்தான் கால் போகப் பார்த்தது. அதே வலியின்மையை அவர் வரமாக எடுத்துக்கொண்டார். சாமி கும்பிடுகிற குடும்பத்தில் பிறந்தவள் நான், அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நேராகத் தடுக்கப் பயந்தேன். கூடாது என்று சொன்னால் எங்களிடம் சொல்லாமலே இறங்கிவிடுவார். இறங்கினால், நோய்த்தடுப்புச் சக்தி இல்லாத அந்த உடம்பில் வெந்த கால் ஆறாது. காலோடு போனாலே பெரிய அதிர்ஷ்டம்.

சிஸ்டரின் உபாயத்தையே எடுத்தேன். "எப்படி நடப்பீங்க, சொல்லுங்கண்ணே."

விரதம், மஞ்சள் வேட்டி, ஆற்றில் குளியல், கரகத்துக்குப் பின்னால் வருவது, குழி, குழி முடிந்ததும் பாலில் கால் வைப்பது என்று ஆசை ஆசையாகச் சொன்னார். ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

"பால்ல கால் வச்ச பெறகு, வெந்திருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"கண்ணாடி குடுத்திருக்கீங்களே, அதுல பாத்துக்குவேன்."

சிஸ்டரின் உபாயம் அன்றைக்குப் படுத்துவிட்டது. உள்ளே போய் அவரிடம் சொன்னேன். பெப்பர்மின்ட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ. நான் வாயத் தொறந்தா அது சாமிச் சண்டையா ஆயிடும். நீதான் பேசணும். ஆனா அவரு மனசு நோகாம பேசு, நொந்துட்டா நம்மகிட்ட காலக் காட்டமாட்டாரு."

விடுமுறை நாளில் பார்வதி அக்காவையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரான கோலா தெர்லாவுக்குப் போனேன். எங்கள் கோயில் பூசாரி வேலு, திருவிழாவுக்குத்தான் பூசாரி, மற்ற நாளில் முட்டைக்கோஸ் லோரி ஓட்டுகிறவர். லோரியின் மேலே நின்று தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்றபடியே நான் எல்லாவற்றையும் சொன்னேன், நைலான் இழைச் சோதனை உட்பட. அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கினார்.

"பூக் கேட்டுப் பாத்துடலாமா வேலண்ணே?" என்று கேட்டார் பார்வதி அக்கா. அம்மன் முன்னால் பூ வைத்து உத்தரவு கேட்பதைத்தான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூ மாறி விழுந்துவிட்டால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

பூசாரி தலையை ஆட்டினார். "சந்தேகம் இருந்தாத்தான் பூக் கேக்கணும். இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. வெள்ளிக்கிழமை அவரக் கோயிலுக்கு வரச் சொல்லுங்க. மிஸ்ஸி, நீங்களும் வாங்க."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், பூசாரி அண்ணனைச் சன்னதிக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார். "காலை நீட்டு. கண்ண மூடிக்க. ஆத்தா பாதத்துல இருந்த பூவ எடுத்து உன் கால்ல வைக்கப் போறேன். எந்தக் கால்னு சொல்லணும்."

அண்ணன் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். பூசாரி ஈரம் சொட்டும் ஒரு செவ்வரளிப் பூவை எடுத்து வலது காலின் மேல் வைத்தார். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்களும் நின்றோம். எங்கோ தூரத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று மலை ஏறும் சத்தம் கேட்டது.

"எந்தக் கால்?"

"இன்னும் வைக்கலையே" என்றார் அண்ணன்.

பார்வதி அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். பூசாரி கண்ணைத் திறக்கச் சொன்னார். அண்ணன் குனிந்து பார்த்தார். பூ அங்கே இருந்தது, அதன் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது.

பூசாரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "சுடும்னு தெரிஞ்சு, பயந்து, அப்பறமும் அவள நம்பி எறங்குறோம் பாரு, அதுக்குப் பேருதான் தீமிதி. அவ வச்ச பூவே உனக்குத் தெரியல. நெருப்புல நடந்துட்டு அவகிட்ட என்னாத்தக் குடுத்தேன்னு சொல்லுவ?"

அண்ணன் பூவைக் கையில் எடுத்துக்கொண்டார். மருத்துவமனையில் அத்தனை ஊசிக்கும் அழாதவர், அங்கே உட்கார்ந்து அழுதார். "அப்ப என் வேண்டுதல் அப்படியே நிக்குதே. உசுரக் குடுத்தவளுக்கு நான் ஒண்ணும் குடுக்கலன்னா எப்படி லா தூங்குவேன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அவர் காலைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்தேன். அவருக்கோ அந்த வேண்டுதல்தான் உயிர். அது நிறைவேறாவிட்டால் அவருக்கு மாத்திரையும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம்.

பூசாரி யோசித்தார். "பால்குடம் எடுக்கட்டுமே."

"நோய் அரிச்ச முதுகெலும்பு தாங்காது" என்றேன்.

"அங்கப்பிரதட்சணம்?"

"விலா எலும்பு முறிஞ்சிடும்."

"சின்னதா ஒரு அலகு?"

"ஐயோ, புண்ணு ஆறாது. கிருமி புகுந்துடும்."

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிஸ்ஸி, நீங்களே சொல்லுங்க. இந்த ஒடம்பு சாமிக்கு எதத்தான் குடுக்கலாம்?"

எனக்குத் தெரிந்தவரை அந்த உடம்பிலிருந்து கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அப்போது அண்ணனின் கை தானாக மேலே போனது. அந்தச் சுருட்டை முடிக்குள் விரலை விட்டு, மெதுவாக ஒருமுறை கோதினார்.

"முடி எடுத்துக்கிறேன்" என்றார்.

பார்வதி அக்கா பதறிவிட்டார். "ஏங்க, அதான் ஒரு தடவ மொத்தமா போச்சே. ஆத்தா அப்பவே வாங்கிக்கிட்டா."

"அப்ப அது தானாப் போனது. இது நான் குடுக்கிறது."

பூசாரி எழுந்து திருநீறு பூசிவிட்டார். அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நேரமெல்லாம் நினைவுக்கு வந்தது. அவரிடம் இருந்ததிலேயே பிரியமானது அந்த முடிதான் என்று எனக்குத் தெரியும்.

அதற்கும் நான் விடவில்லை. சவரக் கத்தி கூடாது, மெஷின்தான் என்றேன். பிரிஞ்சாங்கிலிருந்து முடி எடுக்க வந்தவரின் மெஷினை வாங்கி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். "மிஸ்ஸி, தொட்டில் புள்ளையிலருந்து கெழவங்க வரைக்கும் இதே கையாலதான் ஊருக்கே மொட்ட போடுறேன். ஒரு தலகூட அழுவிப் போனதில்ல" என்று அவர் முறைத்தார். கோயில் வளாகத்தில் வெறுங்காலோடு நடக்கவும் கூடாது என்றேன். பூசாரி அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தார். பருத்திக் காலுறையில் தோல் இல்லை, அதனால் தீட்டும் இல்லை. புத்தம்புது வெள்ளைக் காலுறையை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காய வைத்து, அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

திருவிழா அன்று பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் கூட்டம். முதலுதவி மேசை போட்டு நானும் சிஸ்டரும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். ஆம், சிஸ்டரும் வந்திருந்தார், பெப்பர்மின்ட்டோடு. மேளம் உச்சத்துக்குப் போனது. மக்கள் ஒருவர்பின் ஒருவராகக் குழியில் இறங்கினார்கள். என் கண் தணலில் நிற்கவில்லை, மொட்டைத் தலையைத் தேடியது. கூட்டத்தில் அன்று ஏகப்பட்ட மொட்டைத் தலைகள். கடைசி நேரத்தில் ஆவேசம் வந்து இறங்கிவிட்டாரோ என்று மேசையை விட்டு எழுந்துவிட்டேன்.

"அங்க பாரு" என்றார் சிஸ்டர்.

பால்குழியின் மறுகரையில், மஞ்சள் காலுறையோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அண்ணன். சந்தனம் பூசிய மொட்டை பளபளத்தது. கையில் நாங்கள் கொடுத்த கண்ணாடி. தீ மிதித்துப் பாலில் இறங்கி வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, காலைத் தூக்கச் சொல்லி, கண்ணாடியைக் கீழே பிடித்து அடிப்பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கு லா, தூக்கு. இன்னும் கொஞ்சம். ம், ஒனக்கு ஒண்ணும் இல்ல, போ. அடுத்த ஆளு வா. ஏய், இது கொப்புளம்டா. வலிக்கலன்னு சொல்லாத, எங்கிட்டச் சொல்லாத அந்தக் கதைய. அந்தா மிஸ்ஸி இருக்காங்க, போய் மருந்து போட்டுக்க."

சிஸ்டர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இழையைக் கையில குடுத்தா அதையும் செஞ்சிடுவாரு போல" என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அது. அதுவும் எனக்கில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் எங்கள் மேசைக்கு வந்தார். நான் கேட்பதற்கு முன்பே காலுறையைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். குதிகால், விளிம்பு, விரலிடுக்கு எல்லாம் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. வாரக்கணக்கில் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டேன். கண்ணீர் வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை. மஞ்சளைத் துடைக்கலாம் என்று ஈரப் பஞ்சை எடுத்துக் கட்டைவிரலில் வைத்தேன்.

அண்ணன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னாண்ணே?"

"சில்லுன்னு இருக்கு மிஸ்ஸி."

சிஸ்டர் பையிலிருந்து நைலான் இழையை எடுத்து, மண் தரையிலேயே உட்கார்ந்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். சுண்டுவிரல், சத்தமில்லை. அடுத்தது, சத்தமில்லை. அடுத்ததும் அதற்கடுத்ததும் அப்படியே. இழை கட்டைவிரலுக்கு வந்து மெல்ல வளைந்தது.

"ஆங்" என்றார் அண்ணன்.